நின்ற இடத்திலிருந்து எழுதுங்கள்

(பழைய மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. இந்நாள் மாணவர்களும் கலந்துகொண்டார்கள். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



பிரியாணிக்கும் டீக்கும் நடுவில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் யாராவது தூங்கினால் அதற்குப் பேச்சாளர் பொறுப்பல்ல என்பது பொதுவான விதி. அதனால் தைரியமாக வந்திருக்கிறேன்.

'கதை எழுதத் தொடங்குவது எப்படி?' என்பது கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். முப்பத்தைந்து வருஷம் பேங்க்கில் வேலை பார்த்தவன் நான். இதுவரை அச்சில் வந்த என் கதைகள் மொத்தம் பதினொன்று. பெரிய எழுத்தாளர் இல்லை. ஆனால் தொடங்குவதில் எனக்கு அனுபவம் உண்டு. ஏனென்றால் நான் நிறைய தடவை தொடங்கியிருக்கிறேன். பாதியில் நிறுத்துவதிலும் அனுபவம் உண்டு. அதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசப் போகிறேன்.

முதலில் நம் கல்லூரியைப் பற்றி ஒரு செய்தி. இங்கே மரங்களைப் பற்றியும் மான்களைப் பற்றியும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தமிழ் நாவலின் வரலாற்றில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு என்ன இடம் என்பது நம் மாணவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

தமிழின் முதல் நாவல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879இல் அச்சானது. அதற்கடுத்து எல்லாரும் சொல்லும் இரண்டு பெயர்கள் 'கமலாம்பாள் சரித்திரம்', 'பத்மாவதி சரித்திரம்'. முதலாவதை எழுதியவர் பி. ஆர். ராஜமையர். இரண்டாவதை எழுதியவர் அ. மாதவையா. இருவரும் 1872இல் பிறந்தவர்கள். ஒருவர் வத்தலக்குண்டு, இன்னொருவர் திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளம். இருவரும் படித்தது நம் கல்லூரியில்! அப்போது கல்லூரி தாம்பரத்தில் இல்லை. 1837இல் தொடங்கி நூறு வருஷம் சென்னைப் பட்டணத்துக்குள் இருந்துவிட்டு, 1937இல்தான் இந்தக் காட்டுக்கு வந்தது. ஆனாலும் அவர்கள் நம் சீனியர்கள்தான். இவர்கள் போதாதென்று, இங்கேயே படித்துத் தமிழாசிரியராகவும் இருந்த பரிதிமாற்கலைஞரும் 'மதிவாணன்' என்று ஒரு புதினம் எழுதினார். தமிழில் கதை எழுதத் தெரியாது என்று சொல்வதற்கு உலகத்தில் வேறு யாருக்கு உரிமை இருந்தாலும் நமக்கு இல்லை.

ராஜமையர் சட்டம் படித்தார். தேர்ச்சி கிட்டவில்லை. இருபத்தொரு வயசில், 'விவேக சிந்தாமணி' என்கிற பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை தொடர்கதையாக 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதி முடித்தார். 1898இல், இருபத்தாறு வயசில், காலமாகிவிட்டார். அரியர்ஸ் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வேலை இருபத்தொரு வயசில் தொடங்கப்பட்டதால் மட்டுமே முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன். 'ரிட்டயர் ஆனதும் எழுதலாம்' என்று அவர் இருந்திருந்தால் நமக்குக் கமலாம்பாள் கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் மாதவையா. அவர் ஆரம்பம் சுகமான ஆரம்பம் இல்லை. 1892இல், பி.ஏ. முடித்த அதே வருஷம், இருபது வயசில், அதே 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்று ஒரு தொடர் தொடங்கினார். ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்வது போன்ற நாவல். குழந்தைக் கல்யாணம், விதவை வாழ்க்கை, எல்லாம் அதில் வருகிறது. அந்தத் தொடர் பாதியில் நின்றுபோயிற்று.

யோசித்துப் பாருங்கள். முதல் முயற்சி. ஊரறிய அச்சில் வந்தது. ஊரறிய நின்றுபோயிற்று. நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அத்தோடு பேனாவை மூடியிருப்போம். அவர் உப்பு இலாகாவில் உத்தியோகத்துக்குப் போனார். உத்தியோகம் பார்த்துக்கொண்டே 'பத்மாவதி சரித்திரம்' எழுதினார். அதன் முதல் பாகம் 1898இல் வந்தது. அப்புறம், நின்றுபோன அந்தப் பழைய கதைக்குத் திரும்பப் போனார். பதினொரு வருஷம் கழித்து, 1903இல், அது 'முத்துமீனாக்ஷி' என்ற பெயரில் முழுப் புத்தகமாக வந்தது.

'எழுதத் தொடங்குவது' என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். 1892இல் அவர் செய்ததை அல்ல, 1903இல் செய்ததை. தொடங்குவது பெரிய காரியமில்லை, சார். எல்லா நோட்டுகளிலும் முதல் நாலு பக்கம் எழுதித்தான் இருக்கிறது. நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பதுதான் எழுத்தாளனின் வேலை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் இங்கே சேர்ந்தது 1978. வீடு கடப்பேரியில். காலையில் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கி நடந்தே வந்துவிடுவேன். இரண்டாம் வருஷத்தில் என் முதல் கதையை எழுதினேன். பதினாலு பக்கம். சிம்லாவில் ஒரு ராணுவ கேப்டன், அவனுடைய காதலி, இருவர் மேலும் பூப்பூவாகப் பனிக்கட்டி உதிர்கிறது. தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் கூப்பிட்டார்.

"தம்பி, சிம்லா போயிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"கேப்டன் யாரையாவது தெரியுமா?"

"இல்ல சார்."

"யாரையாவது காதலிச்சிருக்கீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

"அப்ப இந்தப் பதினாலு பக்கத்துல உங்களுக்கு நிஜமாவே தெரிஞ்சது எது?"

ரொம்ப யோசித்துச் சொன்னேன். "டீ, சார். நாலாம் பக்கத்துல ரெண்டு பேரும் டீ குடிக்கிறாங்க."

அவர் சிரிக்கவில்லை. "நல்லது. அந்த டீயிலிருந்து ஆரம்பிங்க. சிம்லா டீ வேண்டாம். உங்க வீட்டு டீ" என்றார்.

எங்கள் வீட்டு டீ என்றால், அப்பா விடியற்காலையில் குடித்துவிட்டுக் கிளம்புகிற டீ. அவர் பல்லாவரம் பக்கம் ஒரு பட்டறையில் டர்னர். அதிலிருந்து தொடங்கினேன். ஆச்சரியம், பேனா தானாக ஓடியது. அவர் விரல் நகங்களில் இருக்கும் கிரீஸ் கறை, டம்ளரைப் பிடிக்கிற விதம், எல்லாம் எனக்குத் தெரியும். எட்டுப் பக்கம் வந்தது.

எட்டாம் பக்கத்தில் கதை ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தது. அம்மாவிடம் ஒரே ஒரு ஜோடி சிவப்புக் கல் கம்மல் இருந்தது. அந்த வருஷம் என் ஃபீஸ் கட்டுகிற சமயம். "திருகு தேஞ்சிருக்கு, சரிபண்ணிட்டு வரேன்" என்று அப்பா அதை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். "டிரெயின்ல கூட்டம். பாக்கெட்டுல இருந்தது எங்கியோ விழுந்துடுச்சு" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, பேனா தேடுவதற்காக அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டேன். அடகுக் கடைச் சீட்டு வந்தது. நனைந்து காய்ந்தது போலச் சுருங்கிப்போயிருந்தது. வியர்வையாக இருக்கும் என்று நினைத்தேன். மடித்து அங்கேயே வைத்துவிட்டேன்.

இதைக் கதையில் எழுதினேன். பையன் சீட்டைப் பார்க்கிறான். அடுத்து? அம்மாவுக்குத் தெரியவந்தால் அவள் என்ன செய்வாள்? அங்கே நின்றுபோனேன். ஒன்று, எனக்கு அது தெரியவில்லை. இரண்டு, வெட்கம். கதை அச்சில் வந்து, பட்டறையில் யாராவது படித்துவிட்டால் அப்பாவின் முகம் என்னவாகும்? நோட்டை மூடினேன். அப்புறம் பேங்க் பரீட்சை, டிரான்ஸ்ஃபர், கல்யாணம், பிள்ளைகள். அப்பா 2009இல் காலமானார்.

2020இல் ஊரடங்கு. வெளியே போக முடியாது. பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அந்த நோட்டு கிடைத்தது. நாற்பது வருஷம் கழித்துக் கதையை முடித்தேன். சீட்டைப் பார்த்ததும் அம்மா இடிந்துபோய் அழுவதாக எழுதினேன். கதைகளில் அம்மாக்கள் அழுவார்கள் இல்லையா, அந்த வழக்கப்படி.

அம்மாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயசு. கண் சரியாகத் தெரியாது. உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் எங்கடா அழுதேன்? சட்டை தோய்க்கிறவளுக்குப் பாக்கெட்டுல என்ன இருக்குன்னு தெரியாதா? பாக்காம தண்ணியில முக்கிட்டேன். பதறிப்போய் எடுத்து, அடுப்பு மேடையில காயவெச்சு, மடிப்பு மாறாம அதே பாக்கெட்டுல வெச்சேன். சீட்டு இல்லாட்டி அவரால மீட்க முடியாதேன்னு பயம். கடைசியில மீட்கவும் இல்ல, மூழ்கிப்போச்சு. எனக்குத் தெரியும்ங்கிறது உங்கப்பாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா குன்றிப்போயிருப்பார்."

அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, "நீயும் பார்த்தியா?" என்று கேட்டாள்.

ஒரே சீட்டு. மூன்று பேர். ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, மடித்து அதே இடத்தில் வைத்திருக்கிறோம். இதை என் கற்பனை எத்தனை வருஷம் போனாலும் உண்டாக்கியிருக்காது. அந்தச் சுருக்கம் என் கண்ணில் பட்டது, நோட்டிலும் எழுதியிருந்தேன். ஆனால் அதன் அர்த்தத்தை நான் போய்க் கேட்கவில்லை. 1980இல் கேட்டிருந்தால், என் முதல் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அதைவிட முக்கியம், அப்பா இருந்தபோதே எனக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

அந்தக் கதை அச்சில் வந்தது. அம்மாவின் சம்மதம் கேட்டுத்தான் அனுப்பினேன். "பேரை மாத்திடு. கம்மல் கல்லை மட்டும் மாத்தாதே, சிவப்பாவே இருக்கட்டும்" என்றாள்.

இந்த அனுபவத்திலிருந்தும், என் மற்றத் தோல்விகளிலிருந்தும், இப்போது தொடங்குகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, நாவலில் தொடங்காதீர்கள். மாதவையாவும் ராஜமையரும் நாவலில் தொடங்கினார்களே என்று கேட்பீர்கள். அப்போது தமிழில் சிறுகதை என்கிற வடிவமே சரியாக ஊன்றியிருக்கவில்லை. நமக்கு அந்த வசதி இருக்கிறது. ஐந்து பக்கத்தில், ஒரு நாளுக்குள், இரண்டு மூன்று பேருக்குள் நடக்கிற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முடிப்பது என்பது ஒரு பழக்கம். சின்னதில்தான் அந்தப் பழக்கம் வரும்.

இரண்டாவது, தெரிந்த இடத்தை எழுதுங்கள். தாம்பரத்தில் என்ன கதை இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அசோகமித்திரன் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து 'தண்ணீர்' என்று ஒரு நாவலே எழுதினார். குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடாதவர்கள் நம் மேடவாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் இருக்கிறார்களா? எல்லாரும் ஓடினோம். அவர் எழுதினார், அதுதான் வித்தியாசம். வீட்டில் இடமில்லாமல் தி.நகர்ப் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் அவர். கடைசிக் காலத்தில் வேளச்சேரியில் இருந்தார், 2017இல் காலமானார். எழுதுவதற்குத் தனி அறை வேண்டும், நல்ல மேஜை வேண்டும் என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நமக்கோ பூங்கா என்ன, ஒரு காடே இருக்கிறது.

ஆனால், தெரிந்ததை எழுது என்றால் தன்னைப் பற்றி மட்டும் எழுது என்று அர்த்தமில்லை. மாதவையா பெண்ணல்ல. பெண்ணின் குரலில் எழுதினார். சுற்றியிருந்த வீடுகளில் நடப்பதைப் பார்த்திருந்தார், காது கொடுத்துக் கேட்டிருந்தார். சொந்த அனுபவம் இல்லாத இடத்தில் காது வேண்டும். மின்சார ரயிலில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை வாருங்கள். மாம்பலத்தில் ஏறுகிற பேச்சு வேறு, பல்லாவரத்தில் ஏறுகிற பேச்சு வேறு. இன்று எல்லார் காதிலும் ஒரு கருவி மாட்டியிருக்கிறது. கதை எழுத ஆசைப்படுகிறவர் வாரத்தில் இரண்டு நாளாவது அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

மூன்றாவது, எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறுகிற வாக்கியம் மோசமான வாக்கியம். உரையாடலை நிச்சயம் படித்துப் பாருங்கள். 'நீ எங்கே சென்றுகொண்டிருக்கிறாய்?' என்று கடப்பேரியில் எந்த அம்மாவும் பிள்ளையைக் கேட்பதில்லை. 'எங்கடா கெளம்பிட்டே?' என்றுதான் கேட்பாள். கதை சொல்கிற இடத்தில் உங்கள் தமிழ் இருக்கட்டும். பேசுகிற இடத்தில் அவரவர் தமிழ் இருக்கட்டும்.

நான்காவது, எழுதி முடித்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு எடுத்து, முதல் பாராவை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை இரண்டாவது பாராவில்தான் தொடங்கியிருக்கும். முதல் பாரா நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. என் பதினொரு கதைகளில் ஏழுக்கு இது பொருந்தும்.

ஐந்தாவது, பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து நாலு ஸ்டேஷன் கூட இல்லை குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே படித்த எஸ். ரங்கராஜனின் முதல் கதை 1953இல் திருச்சியிலிருந்து வந்த 'சிவாஜி' பத்திரிகையில் வெளியானது. பின்னாளில் அவர் சுஜாதாவாகப் புகழ் பெற்ற பிறகு அந்த இதழ் வேண்டும் என்று தேடினார். அவருக்கே கிடைக்கவில்லை. எங்கள் காலத்தில் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, சுயவிலாசமிட்டு ஸ்டாம்ப் ஒட்டிய கவரோடு அனுப்ப வேண்டும். கவர் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும், கதையோடு! உங்களுக்குத் தபால் செலவு இல்லை, இணைய இதழ்களும் இருக்கின்றன. ஆனால் செல்போன் உடைந்தால் கதையும் போயிற்று என்கிற நிலை வேண்டாம். எங்காவது இன்னொரு பிரதி இருக்கட்டும். திரும்பி வந்தால் வருத்தப்படுங்கள், ஒரு நாள். மறுநாள் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். கதை நடுவில் நின்றுபோகும். எல்லாருக்கும் நிற்கும். 'எனக்குத் திறமை இல்லை' என்று அப்போது நினைக்காதீர்கள். எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது, அல்லது எழுதப் பயப்படுகிற ஒன்று இருக்கிறது. தெரியாததாக இருந்தால், எழுந்து போய்க் கேளுங்கள். பாட்டி இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார், கேன்டீனில் முப்பது வருஷமாக டீ ஆற்றுகிறவர் இருப்பார். பயமாக இருந்தால், எழுதுங்கள், அச்சுக்கு அனுப்புவதைப் பிறகு யோசிக்கலாம். எழுதுவது வேறு, அனுப்புவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் நான் நாற்பது வருஷத்தை விட்டேன்.

மாதவையா தம் கடைசி நாள் வரை தமிழுக்காகப் பேசியவர். 1925 அக்டோபர் 22ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று பேசிய அந்த இடத்திலேயே உயிர் துறந்தார். 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகத்தைத் தாம் நடத்திய 'பஞ்சாமிர்தம்' பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அது முடியாமலே நின்றுவிட்டது. அந்த ஒரு நின்றுபோன கதைக்குத்தான் அவரால் திரும்பப் போக முடியவில்லை. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

என் வகுப்புத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு நோட்டு இருக்கும். இறக்கிப் பாருங்கள். மாணவர்களுக்கு வேண்டுகோள் இன்னும் சுலபம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், ஹாஸ்டலில் இருந்தால் போனில், அம்மாவிடமோ அப்பாவிடமோ, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். நடுவில் பேசாமல் கேளுங்கள். அவர்கள் எந்த இடத்தில் நிறுத்துகிறார்களோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

அதோ டீ வந்துவிட்டது. அதிலிருந்தும் தொடங்கலாம்.